நெருப்பு அமைத்த கடற்கரை

நுழையும்முன்

நிலம் மூத்தது, அதில் வாழும் மனிதர் இளையவர் என்பதே நம் பொதுவான எண்ணம். ஆயினும், உலகின் சில கரைகளில் இந்த முறை மாறியுள்ளது. அங்கே வாழும் முதியவர்கள் தம் கண்முன்னே நிலம் பிறந்ததைக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய கடற்கரை ஒன்றைப் பற்றியும், அக்கரைக்குச் சென்று வேரூன்றிய தமிழர்களைப் பற்றியும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூத்த நிலமும் இளைய நிலமும்

தில்லியின் கரோல் பாக் கடைத்தெருக்களைக் கடந்து சங்கர் சாலை வழியே சென்றால், முள்மரங்கள் அடர்ந்த மேட்டு நிலம் ஒன்று தொடங்குகிறது. மக்கள் அதனை ‘ரிட்ஜ்’ என்று அழைக்கின்றனர். அது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிப் பகுதி. அங்கே மண்ணுக்கு மேல் தலைநீட்டி நிற்கும் பாறைகள் ‘குவார்ட்சைட்’ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். பள்ளிக்குச் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் காணும் அப்பாறை மிகவும் மூத்தது.

இதற்கு நேர்மாறாக, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு தீவில் 2007ஆம் ஆண்டு பிறந்த நிலம் இருக்கிறது. அதன் வயது, இப்பாடத்தைப் படிக்கும் மாணவரின் அண்ணன் அல்லது அக்காவின் வயதுதான். அந்நிலத்தை ஆறு கொண்டுவரவில்லை. கடல் ஒதுக்கித் தள்ளவும் இல்லை. எரிமலையே அதனை உருவாக்கியது.

சமவெளி உருவாகும் இரு வழிகள்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களின் சமவெளி காவிரியால் உருவானது. மலைப்பகுதிகளில் அரித்த மண்ணை ஆறு சுமந்து வருகிறது. கடலை நெருங்கும்போது ஆற்றின் வேகம் குறைகிறது. சுமந்து வந்த வண்டல் அங்கேயே படிகிறது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் படிந்த வண்டலே நெல் விளையும் கழிமுகச் சமவெளியாயிற்று.

எரிமலைத் தீவிலும் ஏறத்தாழ இதே முறைதான் நிகழ்கிறது. வண்டலின் இடத்தில் எரிமலைக்குழம்பு இருப்பதே வேறுபாடு. பூமியின் ஆழத்தில் உருகிய நிலையில் இருக்கும் பாறையைப் ‘பாறைக்குழம்பு’ என்பர். அது நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்த பின் ‘எரிமலைக்குழம்பு’ எனப்படும். குழம்பு மலைச்சரிவில் இறங்கிக் கடலை அடைந்து, குளிர்ந்து, இறுகுகிறது. ஆறு ஆயிரம் ஆண்டுகளில் செய்யும் வேலையை எரிமலை சில வாரங்களில் செய்துவிடுகிறது. ஆனால், ஆறு தருவது உடனே உழத்தக்க மண்; எரிமலை தருவதோ வெறும் பாறை. அப்பாறை மண்ணாக மாறும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இத்தகைய தீவு ஒன்று உண்டு. அந்தமான் கடலில், முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட நகருக்கு வடகிழக்கே உள்ள பேரன் தீவே அது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் எரிமலை அது ஒன்றே. நூறாண்டுகளுக்கும் மேலாக அடங்கிக் கிடந்த அவ்வெரிமலை 1991இல் மீண்டும் வெடித்தது. எனினும், அத்தீவில் மனிதர் வாழவில்லை. மனிதர் வாழும் கரையில் நெருப்பு இறங்கினால் என்ன நேரும் என்பதை அறிய, இன்னும் தெற்கே, ரீயூனியன் தீவுக்குச் செல்ல வேண்டும்.

ரீயூனியன் தீவு

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். இது பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக 1946 முதல் நிருவகிக்கப்படுகிறது. தீவு முழுவதுமே கடலடியிலிருந்து எழுந்த எரிமலைதான். அதில் இரு பெரும் முகடுகள் உள்ளன. ‘பித்தோன் தெ நேஜ்’ எனும் மூத்த முகடு 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அது நெடுங்காலமாக உறங்குகிறது. ‘பித்தோன் தெ லா ஃபூர்னேஸ்’ எனும் இளைய முகட்டின் உயரம் 2,632 மீட்டர். அப்பெயருக்கு ‘உலை முகடு’ என்பது பொருள். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று.

இத்தீவுக்கும் இந்தியாவுக்கும் மண்ணுக்கு அடியில் ஒரு பழைய உறவு உண்டு. பூமியின் ஆழத்தில் சில இடங்களில் வெப்பம் மிகுந்த பாறைப்பொருள் இடைவிடாது மேலெழுகிறது. அவ்விடத்தை ‘வெப்பப்புள்ளி’ என்பர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு இத்தகைய வெப்பப்புள்ளி ஒன்றின்மேல் இருந்தது. அப்போது வெளிப்பட்ட குழம்பு அடுக்கடுக்காகப் பரவித் தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளாயிற்று. அசந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டது அப்பாறையில்தான். பின்னர் இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது; வெப்பப்புள்ளியோ பின்தங்கியது. அது விட்டுச்சென்ற தடத்தின்மேல் இலட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் அமைந்தன. பிற்காலத்தில் மொரிஷியசு தோன்றியது; அதன்பின் ரீயூனியன் தோன்றியது. தக்காணத்தை உருவாக்கிய அதே அடுப்புதான் இன்று ரீயூனியனில் எரிகிறது என்பது பெரும்பாலான நில அறிவியலாளர்களின் கருத்து.

குழம்பு கரையாவது எப்படி?

உலை முகட்டின் கிழக்குச் சரிவு, குதிரை இலாடம் போன்ற வடிவில், கடலை நோக்கித் திறந்துள்ளது. மூன்று புறமும் செங்குத்தான பாறைச்சுவர்கள். நான்காவது புறம் கடல். பெரும்பாலான வெடிப்புகளில் குழம்பு இந்தச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். சில வேளைகளில் சரிவு முழுவதையும் கடந்து கடலை எட்டும். அவ்வழியில் கடலோரமாக உள்ள நிலத்திற்குக் ‘கிராண்ட் ப்ரூலே’ என்று பெயர். ‘பெரிதும் எரிந்த நிலம்’ என்பது அதன் பொருள்.

புதிதாக வெளிவரும் குழம்பின் வெப்பம் 1,100 பாகை செல்சியசுக்கும் மேல். அது பாயும் முறைக்கேற்ப இருவகையாக இறுகுகிறது. அமைதியாகப் பாயும் குழம்பின் மேற்பரப்பு, முறுக்கிய கயிற்றைப் போன்ற மடிப்புகளுடன் வழவழப்பாக இறுகும். வேகமாகவும் தடிப்பாகவும் பாயும் குழம்பு உடைந்து நொறுங்கி, கால் வைக்க இயலாத கூரிய கற்குவியலாக மாறும். முதல் வகையைப் ‘பாஹோயிஹோயி’ என்றும், இரண்டாம் வகையை ‘ஆ-ஆ’ என்றும் அறிவியலாளர் அழைக்கின்றனர். இரண்டும் ஹவாய்த் தீவு மக்களின் சொற்கள்.

குழம்பு கடலைத் தொடும்போது நீர் கொதித்து, வெண்ணிற ஆவி தூண்போல எழுகிறது. அந்த ஆவியில் அமிலமும் பாறைத்துகளும் கலந்திருப்பதால் அதனைச் சுவாசித்தல் தீங்கானது. திடீரெனக் குளிர்ந்த குழம்பு கண்ணாடிபோலச் சிதறிக் கருமணலாகிறது. இம்மணலும் உடைந்த கற்களும் கடலடியில் சரிவாகக் குவிகின்றன. அக்குவியலின் மேல் அடுத்தடுத்து வரும் குழம்பு தளமிட்டாற்போலப் படர்கிறது. இவ்வாறு கடல் பின்வாங்க, கரை முன்னேறுகிறது.

புதிய கரையைக் கண்டவுடன் அதன்மேல் ஏறி நிற்றல் ஆகாது. அதன் அடித்தளம் உறுதியற்ற கற்குவியல். அலைகள் அதனை அரிக்கும்போது மேல்தளம் முன்னறிவிப்பின்றிக் கடலில் சரிந்து விழக்கூடும். பிறந்த நிலம் முழுவதும் நிலைப்பதில்லை. ஒரு பகுதியைக் கடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது, எஞ்சியதே கரையாகிறது.

2007: ஒரு நிலத்தின் பிறப்பு

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், கடலுக்கு அண்மையில் தாழ்வான சரிவில் நிலம் பிளந்தது. குழம்பு ஒரு நாளுக்குள் கடலை அடைந்தது. தீவைச் சுற்றிச் செல்லும் நெடுஞ்சாலை அதன் வழியில் புதைந்தது. அருகிலிருந்த லெ திராம்ப்ளே சிற்றூரின் மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் குழம்பு பாய்ந்தது.

அதே ஏப்ரலில் மலையுச்சியிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிட்டதால், உச்சியில் உள்ள தொலொமியு எனும் வாய்ப்பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் இடிந்து தாழ்ந்தது. குதுப் மினாரைப் போன்ற நான்கு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த ஆழம் நிரம்பாது. கடலிலும் அதன் விளைவு தெரிந்தது. ஒளி எட்டாத ஆழ்கடலில் வாழும் மீன்கள் இறந்து மிதந்தன. அறிவியலாளர் அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தனர்.

வெடிப்பு நின்ற பின்பும் பாறையின் உள்வெப்பம் எளிதில் தணியவில்லை. பல மாதங்கள் வரை, மழை பெய்த போதெல்லாம் அப்பாறையிலிருந்து ஆவி எழுந்தது. சாலை மீண்டும் அமைக்கப்பட்டது. இன்று அச்சாலையில் செல்வோர், ஒவ்வொரு கரும்பாறைப் பரப்பின் ஓரத்திலும் அது பாய்ந்த ஆண்டு பொறித்த பலகையைக் காணலாம்.

1977: வாசலில் நின்ற நெருப்பு

எல்லா வெடிப்புகளும் பாறைச்சுவர்களுக்குள் அடங்குவதில்லை. 1977 ஏப்ரலில் சுவருக்கு வெளியே நிலம் பிளந்தது. குழம்பு செயின்ட் ரோஸ் பகுதியில் உள்ள பித்தோன் செயின்ட் ரோஸ் எனும் ஊருக்குள் புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிர்கள் தப்பின. வீடுகள் தப்பவில்லை. தாம் பிறந்து வளர்ந்த வீடு இருந்த இடத்தில் பல குடும்பத்தினர் கரும்பாறையையே கண்டனர்.

அவ்வூர்த் தேவாலயத்தின் முன்வாசலைக் குழம்பு எட்டியது. வாசலில் சிறிது புகுந்து, இரு கிளைகளாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சென்றது. தேவாலயம் எரியாமல் நின்றது. இன்று அதற்கு ‘நோத்ர் தாம் தெ லாவ்’, அதாவது ‘எரிமலைக்குழம்பின் அன்னை’ என்று பெயர். மக்கள் அதனை அற்புதமாகக் கருதிப் போற்றுகின்றனர். குளிரும் குழம்பின் முன்பகுதி தடித்துத் தானே ஒரு கரையாக மாறுவதும், பின்னால் வரும் குழம்பு பக்கவாட்டில் வழிதேடுவதும் இயல்பு என்கிறது அறிவியல்.

அந்நிகழ்ச்சி ஒரு பாடத்தைக் கற்பித்தது. எரிமலையைத் தடுக்க இயலாது. ஆனால், அதனைக் கவனிக்க இயலும். 1979இல் உலை முகட்டிற்கு ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. நிலத்தின் மெல்லிய அதிர்வு, சரிவின் வீக்கம், வெளிவரும் வாயுக்களின் அளவு ஆகியவற்றை அங்குள்ளோர் இரவும் பகலும் பதிவு செய்கின்றனர். பாறைக்குழம்பு மேலே வரும்போது மலை சிறிதளவு பருக்கும். அந்த வீக்கம் ஒரு முன்னறிவிப்பு.

பாறை பசுமையாகும் வரிசை

புதிய பாறையில் விதைத்தால் எதுவும் முளைக்காது. அங்கே முதலில் வருவது ‘லைக்கன்’ எனும் பாசிப்பூஞ்சை. பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர் அது. வெண்சாம்பல் நிறத்தில் பாறையைப் போர்த்தி, அதன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. அடுத்து, வெடிப்புகளில் தங்கிய ஈரத்தில் பெரணிகள் முளைக்கின்றன. அவை மடிந்து மட்கிய பொருளில் புதர்கள் வேர்விடுகின்றன. பின்னர் மரங்கள் வருகின்றன. தமிழ்நாட்டுக் கடற்கரையில் காணப்படும் சவுக்கு மரமும் அங்கே மனிதரால் கொண்டுவரப்பட்டது. கரும்பாறையில் வேகமாகப் பரவி, அத்தீவுக்கே உரிய மரங்களின் இடத்தைப் பிடிப்பதால் அது அறிவியலாளர்க்குக் கவலையும் தருகிறது.

இவ்வரிசையை விரைவுபடுத்துவது மழை. தீவின் உயர்பகுதியில் 2007 பிப்ரவரியில் வீசிய காமெடே புயலின்போது, மூன்று நாள்களில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தில்லியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அது. அத்தகைய மழை பெய்தும், வெற்றுப்பாறை காடாவதற்குப் பல தலைமுறைகள் ஆகின்றன. பழைய குழம்புப் பரப்புகளின் மேல் இன்று கரும்பு விளைகிறது. மரநிழலில் வனிலாக் கொடி படர்கிறது.

கரைக்கு வந்த தமிழர்

அக்கரும்புத் தோட்டங்களின் வரலாறு துயரம் மிகுந்தது. முதலில் அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். 1848 டிசம்பர் 20ஆம் நாள் தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கப்பலேறினர். பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள்சேர்க்க 1860ஆம் ஆண்டையொட்டி உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர் கொடுமைக்குள்ளாவதாக முறையீடுகள் பெருகியதால், 1882இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியோர் சிலர். திரும்ப இயலாதோர் பலர். அவர்களின் வழித்தோன்றல்களை இன்று அத்தீவில் ‘மலபார்’ என்று அழைக்கின்றனர்.

அவர்களிடம் தமிழ் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? வீட்டில் பேசும் மொழியாகத் தமிழ் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பிள்ளைகள் தோட்டத்தில் கிரியோல் பேசினர். பள்ளியில் பிரெஞ்சு பயின்றனர். தமிழ் கற்பிக்க அக்காலத்தில் பள்ளி இல்லை. இராமசாமி என்னும் பெயர் பிரெஞ்சு எழுத்தரின் ஏட்டில் ‘ரமஸ்ஸாமி’ ஆகி, குடும்பப் பெயராக நிலைத்தது. ஆயினும் தீமிதித் திருவிழா நிற்கவில்லை, காவடி நிற்கவில்லை. தெருக்கூத்தின் வழிவந்த ஆட்டம் ‘பால் தமூல்’ எனும் பெயரில் வாழ்ந்தது.

சமையலறையிலும் சில சொற்கள் பிழைத்தன. அத்தீவின் கிரியோல் மொழியில் முருங்கைக் கீரைக்கு ‘பிரேத் மூரூம்’ என்றும், கறிவேப்பிலைக்குக் ‘கலுப்பிலே’ என்றும் பெயர். தமிழே அறியாத பிள்ளையும் தாளிக்கும்போது அச்சொல்லைச் சொல்கிறது. நாள்தோறும் பயன்பட்ட சொல் நிலைத்தது. பயன்படாத சொல் மறைந்தது. இன்று அங்குள்ள இளையோருள் சிலர், பாட்டனார் இழந்த மொழியை எழுத்துக்கூட்டி மீண்டும் கற்று வருகின்றனர். ஒருமுறை விட்டதைத் திரும்பப் பெறுவது எத்துணைக் கடினம் என்பதை அவர்கள் அறிவர்.

நிறைவாக

கரோல் பாகின் காய்கறி வண்டியில் ‘கடி பத்தா’ என்று கேட்டு வாங்கப்படும் இலை, வீட்டிற்குள் நுழைந்ததும் கறிவேப்பிலை ஆகிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பிற்காகத் தில்லிக்கு வந்த பெற்றோரின் பிள்ளைகள், ஒரு நாளில் பலமுறை இவ்வாறு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கடந்து செல்கின்றனர். ரீயூனியன் தமிழர்க்குக் கிட்டாத ஒன்று அவர்களுக்குக் கிட்டியுள்ளது. அது, தமிழ் எழுதவும் படிக்கவும் ஒரு வகுப்பறை.

வெற்றுப்பாறையில் முதலில் வருவது பெருமரம் அன்று; கண்ணுக்கு எளிதில் தெரியாத பாசிப்பூஞ்சையே. அதன்மேல் பெரணி, பெரணியின்மேல் புதர், அதன்பின் காடு. இவ்வரிசையில் ஒன்றைத் தாண்டி மற்றொன்று வருவதில்லை. புதிய நிலம் மனிதருக்கு ஊராவதும் அவ்வாறே. நாள்தோறும் பேசும் ஒரு சொல், எழுதும் ஒரு வரி, வீட்டாருடன் படிக்கும் ஒரு பக்கம் ஆகியவை சிறியவை. வேர் பிடிப்பது அவற்றில்தான்.

சொற்பொருள்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து படியவிடும் மண்
முகடு – மலையின் உச்சி
பெரணி – பூக்காத, ஈரநிலத்தில் வளரும் செடிவகை
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்

விடையளிக்க

1. ஆறு அமைக்கும் சமவெளிக்கும் எரிமலை அமைக்கும் சமவெளிக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதுக.
2. புதிதாகத் தோன்றிய கரையின்மேல் ஏறி நிற்பது ஏன் ஆபத்தானது?
3. தக்காணப் பீடபூமிக்கும் ரீயூனியன் தீவுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
4. பித்தோன் செயின்ட் ரோஸ் தேவாலயம் எரியாமல் நின்றதற்கு மக்கள் கூறும் காரணத்தையும் அறிவியல் கூறும் காரணத்தையும் தொகுத்து எழுதுக.
5. உங்கள் வீட்டுச் சமையலறையில் மட்டும் வழங்கும் தமிழ்ச்சொற்கள் பத்தினைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றுள் உங்களுக்குப் புதியவை எவை?